கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எதற்கு இந்த ஊசி என்று கேட்கிறார்கள், டாக்டர்

ஆந்திர எல்லையில் நகரி பக்கத்திலிருந்து 22 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. வீட்டில் பேசுவது தமிழ், உறவில் பாதிப்பேர் தெலுங்கு. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வாசகி ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருக்கிறார். தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை திருத்தணி பக்கம். இவருடைய பெரியம்மா 48 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். விடுதித் தோழி ஒருத்தி அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டதைப் பார்த்து இவரும் வீட்டில் பேச்செடுத்தார். “கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்குடி அந்த ஊசி? சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?” என்று அம்மா கேட்டிருக்கிறார். அத்தை, கம்மத்தில் இதே ஊசியால் பிள்ளைகள் இறந்ததாகச் சொல்லும் தெலுங்கு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினார். குழந்தை தங்காது என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 13 வயதுத் தங்கை பள்ளிப்பட்டில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். கையில் இருப்பது 6,000 ரூபாய். “முழுசாப் போட ஒருத்திக்குத்தான் காணும். எங்க பரம்பரையில இது இருக்கு, எனக்குக் கல்யாணம் வேற வருது. நானே போட்டுக்கறதுதானே சரி? முன்னாடி ஏதாவது டெஸ்ட் எடுப்பாங்களா? அதுல என்னை என்னவெல்லாம் பார்ப்பாங்க?” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரிக்கு,

போட்டுக்கொள்ளுங்கள், இந்த மாதமே தொடங்குங்கள். தங்கைக்கும் சேர்த்தே திட்டமிடலாம், அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று எண்ணங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன: இது பரம்பரை நோய், இது கல்யாணத்தோடு சேர்ந்த ஊசி, போட்டால் முழுசாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். மூன்றும் சரியல்ல. உங்கள் வயதுப் பெண்கள் பலர் இந்த ஊசியைப் போடாமலே போவது இவற்றால்தான்.

பெரியம்மாவுக்கு வந்தது கிருமியால் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்று ஆறாமல் பல வருடம் தங்கிவிடுவதால் வருவது. அந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலக அளவில் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம், இந்தியாவில் அதைவிடவும் அதிகம். தாம்பத்திய உறவில், தோலோடு தோல் படுவதில் பரவுகிறது. ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. ஒரே ஒருவரோடு வாழ்ந்தவருக்கும் வரலாம். ஆகவே பெரியம்மாவின் நடத்தையைப் பற்றி யாராவது முணுமுணுத்திருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொற்று வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துடைத்துவிடுகிறது. மீதிப் பேரில் சிலருக்கு 15, 20 வருடம் கழித்துப் புற்றாக மாறுகிறது. 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள்.

ஊசியில் இருப்பது வைரஸின் மேல் ஓட்டுப் புரதம் மட்டும். உமியை விதைத்தால் நெல் முளைக்காது, அதுபோல உள்ளே மரபுப் பொருள் இல்லாத இந்த ஓடு தொற்றை உண்டாக்காது. உடம்பு அந்த ஓட்டை அடையாளம் வைத்துக்கொண்டு, நிஜ வைரஸ் வரும்போது மடக்கிவிடுகிறது. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட வகையை இது குணப்படுத்தாது. கல்யாணத்துக்கு முன் போடுவது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். உங்கள் அம்மா காரணம் கேட்டால் இதையே சொல்லுங்கள்: வெள்ளம் வந்த பிறகு கரை போட முடியாது என்பதால் முன்கூட்டியே போடுகிறோம். கல்யாணம் ஆனவர்களும் போட்டுக்கொள்ளலாம், அதுவரை தொற்றாத வகைகளிலிருந்து காப்பு கிடைக்கும், பலன் மட்டும் ஓரளவு குறையும்.

வயது ஏற ஏறப் பலன் எப்படிக் குறைகிறது என்பதற்கு இங்கிலாந்தின் கணக்கு நல்ல சாட்சி. 12, 13 வயதில் தடுப்பூசி வழங்கப்பட்ட தலைமுறையில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது, 14 முதல் 16 வயதில் வழங்கப்பட்டவர்களிடம் 62 சதவீதம், 16 முதல் 18இல் வழங்கப்பட்டவர்களிடம் 34 சதவீதம். அந்த வயதுக்குள் அங்கே பலருக்குத் தொற்று வந்துவிட்டிருந்தது என்பதே காரணம். உறவே தொடங்காத ஒருவருக்கு 22 வயதிலும் ஊசியின் வலு அப்படியே இருக்கிறது. உங்கள் வாழ்க்கையில் எது எப்போது நடந்தது என்று நான் கேட்கவில்லை, ஊசி போடுபவரும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு நிலையிலும் என் பதில் ஒன்றுதான்.

கம்மத்தில் நடந்தது என்ன

அத்தை அனுப்பிய செய்தியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதில் ஒரு பாதி நிஜம், அந்தப் பாதி கோபப்பட வேண்டியதும்கூட. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஒரு சோதனைத் திட்டமாகப் பல்லாயிரம் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டதாகப் பின்னர் தெரியவந்தது. திட்டத்தில் இருந்த சிறுமிகளில் இரு மாநிலத்திலும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள், 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் ஒப்புதல் வாங்கிய முறையைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது.

இறப்புகளை விசாரித்தபோது நீரில் மூழ்கியது, பாம்புக் கடி, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று வெவ்வேறு காரணங்கள் வந்தன. ஊசியோடு அவற்றைச் சேர்க்க ஆதாரம் கிடைக்கவில்லை. கையெழுத்தில் நடந்த அநியாயமும் மருந்தின் தன்மையும் வேறு வேறு. செய்தி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, அதனால்தான் 15 வருடம் கழித்தும் அத்தையின் கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்த நிறுத்தத்துக்கு இன்னொரு விளைவும் இருந்தது. அதே சமயத்தில் இந்தியாவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதன் மையங்களில் ஒன்று. அரசு உத்தரவால் அந்த ஆய்விலும் ஊசி போடுவது நடுவில் நின்றது. ஒரே ஒரு தவணையோடு நின்றுபோன பெண்கள் ஏறக்குறைய 5,000 பேர். அவர்களை வருடக்கணக்கில் கண்காணித்து 2021இல் வெளியான முடிவில், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை ஒரு தவணையே 95 சதவீதம் தடுத்திருந்தது. சிறு வயதில் ஒரு தவணையும் ஏற்கத்தக்கது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இதுவும் ஓர் அடிப்படை. உங்கள் 6,000 ரூபாய்க் கணக்கு இங்கிருந்துதான் மாறுகிறது.

யாருக்கு எத்தனை, எப்போது

2023 தொடக்கத்திலிருந்து நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவாக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி கிடைக்கிறது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். 9 முதல் 26 வயதுவரை ஆண், பெண் இருபாலருக்கும் அனுமதி உண்டு. அச்சிட்ட விலை தவணைக்குச் சுமார் 2,000 ரூபாய், சில இடங்களில் குறைத்தும் தருகிறார்கள். வெளிநாட்டுத் தயாரிப்பான கார்டசில்-9 ஒன்பது வகைகளைத் தடுக்கும், தவணைக்குச் சுமார் 10,000 ரூபாய் ஆகும். வசதி இருந்தால் அது இன்னும் விரிந்த காப்பு. ஆனால் அதற்குப் பணம் சேரட்டும் என்று இரண்டு வருடம் தள்ளிப்போடுவதைவிட, இன்றைக்குச் செர்வாவாக் போடுவது எவ்வளவோ மேல்.

முதல் ஊசி 15ஆவது பிறந்தநாளுக்கு முன் என்றால் இரண்டு தவணை, ஆறு மாத இடைவெளி. அதற்கு மேற்பட்ட வயதில் மூன்று தவணை: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம். 21 வயதுக்கு மேல் ஆறு மாத இடைவெளியில் இரண்டே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மருந்தின் இந்திய அனுமதியில் மூன்று என்றே இருக்கிறது. முடிந்தால் மூன்று போடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஆவணியில் உங்களுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று: 4,000. ஐப்பசியில் உங்களுக்கு இரண்டாவது: 2,000. கையிலிருக்கும் பணம் இதோடு தீரும், ஆனால் இதற்குள் தங்கைக்கு வலுவான காப்பு கிடைத்திருக்கும், உங்களுக்குக் கல்யாணத்துக்கு முன் இரண்டு தவணை முடிந்திருக்கும். மாசியில் உங்களுக்கு மூன்றாவது, தங்கைக்கு இரண்டாவது: இன்னொரு 4,000. அதைச் சேர்க்க ஆறு மாதம் இருக்கிறது. ஊசி போடும் கட்டணம் தனி, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு மூன்றும் போட்டு இன்னொருத்தியை வெறுமனே விடுவதைவிட, இருவருக்கும் தொடங்கிவிடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கடையில் வாங்குமுன் ஒரு விசாரணை. தங்கை படிப்பது தமிழ்நாட்டுப் பக்கம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. அவள் பள்ளிக்கு அது வருமா, பள்ளிப் பதிவேட்டை வைத்துப் போடுவார்களா, ஆந்திர முகவரியில் உள்ள ஆதார் தடையாகுமா என்று தலைமையாசிரியரிடமும் அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடமும் மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) அல்லது ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளரிடமும் கேளுங்கள். எல்லையோரப் பிள்ளைகள், அந்தப் பட்டியலில் இருப்பாள் என்று இங்கேயும், இந்தப் பட்டியலில் இருப்பாள் என்று அங்கேயும் நினைத்துக்கொள்வதால் இரண்டிலும் விடுபட்டுப்போவது எளிது. உறுதியாக வரும் என்றால் ஒரு வருடம் காத்திருக்கலாம். 15ஆவது பிறந்தநாளைத் தாண்ட மட்டும் விடாதீர்கள்.

இரண்டாவது, மூன்றாவது தவணைகள்தான் பெரும்பாலும் தவறிப்போகின்றன. ஷிப்ட் மாறும், கல்யாண வேலை வரும், புது வீட்டிலிருந்து எப்படிக் கேட்டுப் போவது என்ற தயக்கம் வரும். தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அவசரப்பட்டு நெருக்கியும் போடக் கூடாது. முதலுக்கும் இரண்டுக்கும் குறைந்தது நான்கு வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் குறைந்தது 12 வாரம் வேண்டும். அட்டையில் மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி மூன்றையும் எழுதி வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்தணியில் வேறு மருத்துவரிடம் மூன்றாவதைப் போட நேர்ந்தால் அது வேண்டும்.

மூன்றாவது தவணைக்குள் நீங்கள் கர்ப்பமானால் அதைப் பிரசவத்துக்குப் பிறகு போடலாம், பால் கொடுக்கும்போதும் போடலாம். கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுவிட்டாலும் பயப்படத் தேவையில்லை, அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கர்ப்பத்தில் தவிர்ப்பது ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே.

குழந்தை தங்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 2017 வரை உலகில் 27 கோடிக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்ட பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு பரிசீலித்து, ஊசி பாதுகாப்பானது என்றே சொன்னது. கடும் ஒவ்வாமை பத்து லட்சம் தவணையில் இரண்டு பேருக்கும் குறைவு. உண்மையில் பிள்ளைப்பேற்றைப் பறிப்பது அந்தப் புற்றுநோய்தான், சிகிச்சையில் பலருக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கிறது, அல்லது கதிர்வீச்சு தர வேண்டியிருக்கிறது. வதந்தி என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் ஒரு பாடம். 2013இல் அரசு பரிந்துரையை நிறுத்திவைத்ததும், சுமார் 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி அளவு ஒன்றுக்கும் கீழே விழுந்தது. ஆய்வுகள் ஊசியைக் குறை சொல்லவில்லை. 2022இல்தான் பரிந்துரை திரும்பியது, நடுவில் வளர்ந்த பெண்கள் காப்பில்லாமல் போனார்கள்.

ஊசி போடும் நாளில்

முன்னால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். எச்.பி.வி. பரிசோதனை, ஸ்கேன், உள்பரிசோதனை எதுவும் இந்த ஊசிக்குத் தேவையில்லை. மேல்கையில், தோள் தசையில் அரை மில்லி, அவ்வளவுதான். கன்னித்தன்மையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அது மருத்துவம் அல்ல. அவர்கள் கேட்க வேண்டியவை நான்கு: கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, இப்போது காய்ச்சல் உண்டா, முன்பு எந்த ஊசிக்காவது கடும் ஒவ்வாமை வந்ததா, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் நோயோ மருந்தோ உண்டா.

நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இளம் பெண்களுக்கு ஊசி போட்டதும் சில சமயம் மயக்கம் வருவதுண்டு, அதைப் பார்த்துத்தான் பாதி வதந்தி கிளம்புகிறது. வார விடுமுறை நாளில், சாப்பிட்டுவிட்டுப் போய், போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். கையில் ஓரிரு நாள் வலி, வீக்கம், லேசான காய்ச்சல், தலைவலி வரலாம், பாராசிட்டமால் போதும். வேலையில் அதிகம் பயன்படுத்தும் கை எது என்று சொல்லி மறு கையில் போடச் சொல்லுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைந்துபோனால் கெட்டுவிடும். ஆகவே கடையில் வாங்கிப் பஸ்ஸில் எடுத்துப்போவதைவிட, தடுப்பூசி இருப்பு வைத்திருக்கும் மருத்துவமனையிலேயே போடுவது நல்லது. குப்பியைத் திறக்குமுன் காலாவதித் தேதியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் எப்படிப் பேசுவது

உங்களுக்கு 18 வயது கடந்துவிட்டது. உங்கள் ஒப்புதல் போதும், அம்மா, அப்பா, மாப்பிள்ளை யாருடைய கையெழுத்தும் வேண்டாம். உங்கள் மருத்துவ விவரத்தை உங்கள் அனுமதி இல்லாமல் மற்றவரிடம் சொல்வது மருத்துவரின் தொழில் ஒழுக்க விதிகளுக்கு மாறானது. தங்கைக்குப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம், அம்மாவை மீறிப் போக வழியில்லை. அதனால் அம்மாவை வெல்வதில்தான் தங்கையின் காப்பு இருக்கிறது.

அம்மாவின் பயம் உங்கள் மேலான சந்தேகம் அல்ல, ஊர் வாய்க்கான பயம். ஊசியைக் கல்யாணத்தோடு சேர்த்துப் பேசினால் அந்தப் பயம் கூடும். வயதோடு சேர்த்துப் பேசுங்கள். “13 வயசுப் பாப்பாவுக்கே போடற ஊசிம்மா இது, எனக்கு லேட்டாயிடுச்சு. பெரியம்மாவுக்கு வந்தது நம்ம வீட்டுல இன்னொருத்தருக்கு வரக் கூடாது” என்று சொல்லிப்பாருங்கள். தங்கையை முன்னால் வைத்தால் நடத்தை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. மருத்துவர் நேரில் ஒரு வார்த்தை சொன்னால் அம்மாக்கள் பெரும்பாலும் இளகிவிடுகிறார்கள், முடிந்தால் கூட்டிக்கொண்டே போங்கள். மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். 26 வயதுக்கு உட்பட்டவர் என்றால் அவரும் போட்டுக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேச்சு சமமாக இருக்கும்.

அம்மாவைக் கூட்டிப் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரியம்மா வயதை ஒட்டிய அவருக்குத்தான் உடனடியாக வேண்டியது இருக்கிறது, ஊசி அல்ல, பரிசோதனை. 30 முதல் 65 வயதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது அரசுத் திட்டத்திலேயே உள்ளது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள், மாறுதல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். முடிவு அங்கேயே தெரிந்துவிடும். புற்றாகும் முன்னால் கண்டால் அந்த இடத்தைக் குளிராலோ சூட்டாலோ அழித்துவிடலாம், பல நேரங்களில் மயக்க மருந்துகூட வேண்டாம். மாதவிடாய் இல்லாத நாளில் போகச் சொல்லுங்கள். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இவற்றில் ஒன்று இருந்தால், பரிசோதனை முகாம் வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை என்பதால், 30 வயதானபின் நீங்களும் இதே பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த வருடத்தையும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இப்போதே எழுதி வையுங்கள்.